அம்மை தந்ததும், தராமல் விட்டதும்

டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. யாரையும் எந்தப் பக்கமும் இழுக்கிற உத்தேசமும் இல்லை. எங்க அம்மைக்கு ஒரு நன்றி பாக்கி கிடக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன். போற வழியில கொஞ்சம் ஊர்க்கதையும் கொஞ்சம் வாதமும் வரும். பொறுத்துக்கோங்க மக்கா :-)

"பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் எந்த மதமும் சொல்லிக் குடுக்கக் கூடாது. வளர்ந்தப்புறம் அதுங்களே தேர்ந்தெடுத்துக்கட்டும்."

இந்த வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. பெங்களூர்ல எங்க ஆபீஸ் கேண்டீன்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது இது ஓடும். இப்ப எனக்கு இது வெறும் டீ டைம் விவாதம் இல்லை. இன்னும் சில மாசத்துல எங்க வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வரப் போறாங்க. அதனால உக்காந்து ஒழுங்கா யோசிக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல, எதிர்த்தரப்புல நியாயம் இருக்குன்னு ஒத்துக்கணும். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006-ல எழுதின 'தி காட் டெலூஷன்' புத்தகத்துல, கிறிஸ்தவக் குழந்தைன்னு ஒண்ணு கிடையாது, கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைதான் உண்டுன்னு வாதாடுவார். நம்ம ஊர்ல பெரியார் வழி வந்தவங்க இதை அவருக்கு ரொம்ப முன்னாடியே சொல்லியாச்சு. நான் கிறிஸ்தவனா இருக்கறதுக்கு முதல் காரணம் ஆராய்ச்சி இல்லை, அட்ரஸ். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுல கிறிஸ்தவங்க சுமார் 6 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டத்துல கிட்டத்தட்ட 47 சதவீதம். நான் நாகர்கோவில் பக்கம் பிறக்காம நாமக்கல் பக்கம் பிறந்திருந்தா இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும்.

ஆக, எனக்குக் கிடைச்சது நானா சம்பாதிச்சது இல்லை. குடுக்கப்பட்டது. அதனாலதான் நன்றின்னு சொல்றேன். நானே கடையில காசு குடுத்து வாங்கின பொருளுக்கு யாருக்கு நன்றி சொல்றது?

'அப்போ தமிழையும் கேக்காமத்தானே சொல்லிக் குடுத்தாங்க'ன்னு சில பேரு மடக்குவாங்க. நானும் ஒரு காலத்துல அந்த உதாரணத்தை வச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தேன். ஆனா அது முழுசாப் பொருந்தாது. தமிழ்ங்கற மொழி உண்மையா பொய்யான்னு யாரும் கேக்க முடியாது. கடவுள் இருக்காருன்னு சொல்றது அப்படி இல்லை. அது தப்பாவும் இருக்கலாம். தப்பா இருக்க வாய்ப்புள்ள ஒண்ணைப் பிள்ளை கையில குடுக்கறவங்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்போட எப்படிக் குடுக்கறதுங்கறதுதான் விஷயமே. அதுல எங்க அம்மை கெட்டிக்காரி.

அம்மை கதைக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்க்கதை. ஏன்னா அம்மைக்கும் இது சும்மா வானத்துலேருந்து விழல.

எங்க பக்கத்துக்குக் கிறிஸ்தவம் எப்படி வந்ததுன்னு கேட்டா வெளியூர்க்காரங்க 'வெள்ளைக்காரன் கொண்டு வந்தான்'னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. கடற்கரையில 1544 வாக்குல பிரான்சிஸ் சவேரியார் வந்தது உண்மை. ஆனா உள்நாட்டுப் பக்கம், சிற்பக்கல் வேலைக்குப் பேர் போன மயிலாடியில, சீர்திருத்த சபை தொடங்கின கதை வேற. மகாராசன்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர். பக்தியான மனுஷன். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவரு அப்படியே தஞ்சாவூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறாரு. அங்க கோலாஃப் ஐயர் பேசினதைக் கேட்டு, ஞானஸ்நானம் வாங்கி, வேதமாணிக்கம்ங்கற பேரோட திரும்பி வாறாரு. ஊருக்கு வந்து முதல்ல சொன்னது யார்கிட்ட? வீட்டுல. சொந்தக்காரங்க கிட்ட. அப்புறம் இவங்க போய்க் கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல மயிலாடிக்கு வந்தாரு. 1809-ல அங்க கோயில் கட்டினாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. 1816-ல ரிங்கல்தௌபே உடம்பு சரியில்லாம ஊரை விட்டுப் போறாரு. அதுக்கப்புறம் அந்த மனுஷன் என்ன ஆனாருன்னே யாருக்கும் தெரியாது, கடலோட காணாமப் போனவர் மாதிரி. அடுத்து மீட் ஐயர் வந்தது 1818-ல. நடுவுல வெள்ளைக்கார ஐயர் யாருமே கிடையாது. சபையைக் கவனிச்சுக்கிட்டது வேதமாணிக்கம். அந்த இடைவெளியில பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தது யாரா இருக்கும்? அவங்கவங்க வீட்டு அம்மையும் பாட்டியும்தான். பேர் எதுவும் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

பேர் தெரிஞ்ச ஒரு அம்மாவும் மகளும் உண்டு. 1819-ல நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மா. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க, கூடவே ரேந்தை பின்னவும் சொல்லிக் குடுத்தாங்க. (ரேந்தைன்னா லேஸ். போர்ச்சுக்கீசியச் சொல் எங்க ஊர்ல வந்து தமிழாயிட்டுது.) அடிமை வீட்டுப் பெண்பிள்ளைகள் ரேந்தை பின்னின காசுல தங்களையே விலை குடுத்து மீட்டுக்கிட்ட காலம் அது. திருவிதாங்கூர்ல அடிமை முறையைச் சட்டப்படி ஒழிச்சது 1855-லதான். எங்க ஊர்ப் பெண்கள் மேல்சீலை போடறதுக்கு அரசு உத்தரவு வந்தது 1859-ல. அந்தக் காலத்துல 'நீயும் மனுஷி'ன்னு சொல்ற நம்பிக்கை சின்ன விஷயம் இல்லை. (அதையே வேற வழியில சொன்ன அய்யா வைகுண்டரோட சாமித்தோப்பும் மயிலாடிக்குப் பக்கத்துலதான். ஒரே வேதனைக்கு ரெண்டு பதில்.)

மார்த்தா அம்மாவோட மகள் எலிசா. எங்க ஊர்த் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை. 1844-ல கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கிட்டு இடையன்குடி போனாங்க. ஆமா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின அதே கால்டுவெல். அம்மா நாகர்கோவில்ல செஞ்சதை மகள் இடையன்குடியில செஞ்சாங்க. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம், ரேந்தை, எல்லாம். கால்டுவெல் பேரை நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த மாமியாரையும் மகளையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, எங்க அம்மைக்கு வருவோம்.

அம்மை பத்தாம் வகுப்பு. வீட்டுல தையல் மெஷின், கூடவே எம்பிராய்டரி. அம்மையோட பாட்டி ரேந்தை பின்னினவங்க. இறையியல் எல்லாம் அம்மைக்குத் தெரியாது. கடவுள் இருக்காருங்கறதுக்கு ஒரு ஆதாரம் கூட எனக்குச் சொன்னதில்லை. அம்மை குடுத்தது எல்லாமே பழக்கம். மூணே மூணு சொல்றேன்.

ஒண்ணு, கைப்பிடி அரிசி. உலையில போட அரிசி அளந்தாச்சுன்னா அதுலேருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பு பக்கத்துல இருக்கற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போடணும். மாசம் முடிஞ்சா அது கோயிலுக்குப் போகும். எங்க மாவட்டத்துலயும் திருநெல்வேலி பக்கமும் பல சபைகள்ல இருந்த வழக்கம்தான் இது. கையில மிச்சம் இருக்கும்போ குடுக்கறது வேற. சமைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வைக்கறது வேற. பட்ஜெட் ஆப் எதுவும் எனக்கு இதைச் சொல்லித் தரல.

ரெண்டு, வாசிப்பு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபம். ஆளுக்கு ரெண்டு வசனம் வாசிக்கணும். அந்த வடமொழி கலந்த பழைய தமிழ், பவர் ஐயர் குழு பத்தொன்பதாம் நூற்றாண்டுல திருத்தின நடை, எனக்கு ஆறு வயசுல வாயில நுழையாது. திக்கித் திக்கி வாசிப்பேன். அம்மை திருத்த மாட்டா, காத்திருப்பா. தரங்கம்பாடியில சீகன்பால்கு 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சதுக்கு முந்நூறு வருஷம் கழிச்சு, அந்த வரிசையில நானும் ஒரு திக்குவாய் வாசகன் :-) இன்னிக்கு நான் தமிழ்ல நாலு வரி எழுதறேன்னா அதுக்கு அந்தச் சாயங்கால வேலைதான் காரணம். நான் படிச்ச காலத்துல என்ஜினியரிங் காலேஜ்ல தமிழ் பாடமே இருந்ததில்லை.

மூணு, பேர் சொல்லி ஜெபிக்கறது. இதுதான் பெருசு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மாவட்டமே கரண்ட் இல்லாம கிடந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைன்னு மேற்குக் கடற்கரை ஊர்கள்லேருந்து ஆழ்கடலுக்குப் போனவங்க பல பேரு திரும்பல. பேப்பர்ல காணாமப் போனவங்க பேரு வரும். அம்மை அந்தப் பக்கத்தை மடிச்சு வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிருவா. ராத்திரி ஜெபத்துல ஒவ்வொரு பேரா வாசிப்பா. எங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் அதுல கிடையாது. அவங்க ஆர்.சி., நாங்க சி.எஸ்.ஐ. கிறிஸ்மஸ் நெருங்குது, ஸ்டார் கட்டலையான்னு கேட்டதுக்கு அம்மை சொன்னா, "அந்த வீடுகள்ல எல்லாம் இருட்டாத்தானே மக்கா கிடக்கும். இந்த வருஷம் வேண்டாம், கேட்டியா."

அந்த ஜெபத்தால யாராவது திரும்பி வந்தாங்களா? அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா முன்னப்பின்ன தெரியாத இருபது முப்பது பேரோட பேரை வாய்விட்டுச் சொல்லி ராத்திரி தூங்கப் போற வீட்டுல வளர்ந்த பையனுக்கு, செய்தியில வர்ற எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையா இருக்கறதில்லை. இதை நான் எந்தத் தர்க்கத்தாலயும் கத்துக்கிட்டிருக்க முடியாது.

இதெல்லாம் தந்தது. தராம விட்டதுக்குத்தான் நான் கூடுதலா நன்றி சொல்லணும்.

1982 மார்ச் மாசம் மண்டைக்காட்டுல கொடை விழா சமயத்துல தொடங்கின கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம், அதைத் தொடர்ந்து பல ஊர்களுக்குப் பரவின தீ. அப்புறம் நீதிபதி வேணுகோபால் கமிஷன், குன்றக்குடி அடிகளார் ஊர் ஊரா வந்து சமாதானம் பேசினது, எல்லாம் நம்ம பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மைக்கு அப்போ பன்னிரண்டு வயசு. எங்க பாட்டாவோட தேங்காய்க் கடை அந்தச் சமயத்துல எரிஞ்சு போச்சு. யார் எரிச்சாங்கன்னு அம்மைக்குத் தெரியும். பாட்டாவும் சாகற வரைக்கும் அந்த வீட்டு ஆளுகளோட பேசிட்டுத்தான் இருந்தாரு.

நான் எத்தனையோ தடவை கேட்டாச்சு. அம்மை இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. "சொன்னா நீ அவனுக்க மக்களைப் பாக்கற பார்வை மாறிரும். அதுகளுக்கு என்ன தெரியும்? சவத்த விடு." அவ்வளவுதான். அந்த வீட்டுப் பிள்ளைகள்ல யாரோ ஒருத்தன் கூட நான் கிரிக்கெட் விளையாடியிருப்பேன். யாருன்னு தெரியாததுனால நிம்மதியா விளையாடியிருப்பேன்.

நம்பிக்கையோட சேர்த்துக் காயத்தையும் கடத்தறது ரொம்பச் சுலபம். எல்லா மதத்துலயும் நடக்கறதுதான். 'நம்மளை என்ன செஞ்சாங்க தெரியுமா'ன்னு ஆரம்பிச்சா பிள்ளைக்குப் பக்தியை விட அந்தக் கோபம்தான் சீக்கிரம் பிடிக்கும். அம்மை அந்தக் கண்ணியைத் தன் கையாலயே அறுத்துட்டா. எங்க ஊர் வாட்ஸப் குரூப்களைப் பாக்கும்போதெல்லாம் அதோட மதிப்பு எனக்குத் தெரியுது.

சாதியும் அப்படித்தான். வடக்கன்குளம்னு ஒரு ஊர். எங்க மாவட்ட எல்லையைத் தாண்டினதும் திருநெல்வேலிச் சீமையில இருக்கு. நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-ல தேவசகாயமா ஞானஸ்நானம் வாங்கினது அங்கதான். சாதி பாக்காம எல்லார் கூடவும் பழகினவர்னு சொல்லப்படற மனுஷன். 1752-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொல்லப்பட்டாரு. 2022 மே 15-ல போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர்னு அறிவிச்சாரு. அதே வடக்கன்குளத்துக் கோயில்ல, பின்னாடி வந்தவங்க சாதிக்கு ஒரு பக்கமா உக்கார நடுவுல சுவர் வச்சாங்க. 1910-லதான் அதை இடிச்சாங்க. தேவசகாயத்தையும் கடத்தலாம், சுவரையும் கடத்தலாம். ரெண்டையும் கடத்தினது நம்ம ஆளுகதான். இன்னிக்கும் கல்யாண விளம்பரத்துல 'விசுவாசமுள்ள மணமகள் தேவை'ன்னு இருக்கும், அதுக்கு முந்தின வார்த்தையே சாதி.

என் வீட்டம்மா வேற சாதி. மதமும் கிடையாது. மாமனார் திருச்சிக்காரர், கறுப்புச் சட்டை. விஷயத்தை அம்மைகிட்ட சொன்னப்போ ஊர்ல என்ன சொல்வாங்கன்னு ஒரு வார்த்தை பேசல. ரெண்டு நாள் மெஷின் மிதிக்கற சத்தம் மட்டும் பலமாக் கேட்டுது. மூணாம் நாள் ஒரே ஒரு கேள்வி: "நீ சாப்பாட்டுக்கு முன்ன ஜெபிக்கும்போ அந்தப் பிள்ளை சும்மா இருப்பாளா, சிரிப்பாளா?" சும்மா இருப்பான்னு சொன்னேன். "அப்போ சரி."

இப்ப பாருங்க, என் மாமனாரும் தன் மகளுக்குச் சும்மா வெறும் தாளைக் குடுத்து 'பதினெட்டு வயசுல எழுதிக்கோ'ன்னு விடல. கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்திருக்காரு, தீண்டாமை பாத்த வீட்டுல தண்ணி குடிக்காதேன்னு சொல்லிக் குடுத்திருக்காரு. அவருக்கு எது உண்மையாப் பட்டுதோ அதை முழு மனசோட குடுத்திருக்காரு. அதனாலதான் அவர் மேல எனக்கு மரியாதை. வெறும் தாள்னு ஒரு பிள்ளையும் வளர்றதில்லை. நீங்க எதுவும் எழுதலைன்னா டிவி எழுதும், போன் எழுதும், பக்கத்து வீட்டு மாமா எழுதுவாரு. நம்ம தொழில் பாஷையில சொன்னா, டீஃபால்ட் செட்டிங் இல்லாம எந்த சாப்ட்வேரும் வர்றதில்லை. பின்னாடி மாத்திக்க வழி விட்டிருக்கோமாங்கறதுதான் கேள்வி.

அம்மை வழி விட்டா. காலேஜ் ரெண்டாம் வருஷம், டாக்கின்ஸ் படிச்ச சூட்டுல லீவுக்கு வந்தப்போ, 'இதெல்லாம் உண்மைன்னு உனக்கு எப்படித் தெரியும்'னு கேட்டேன். அம்மை நூல் கோத்துக்கிட்டே சொன்னா, "எனக்குத் தெரியாது மக்கா. நான் நம்புறேன். நீ தேடிப் பாரு. ஆனா தேடிட்டு இருக்கும்போ கைப்பிடி அரிசியை நிறுத்திராதே." அந்தப் பதில்ல கோபம் இல்லை, பயமுறுத்தல் இல்லை. நரகத்தைப் பத்திப் பேச்சே இல்லை. ஒரு வருஷம் போல நான் ஜெபிக்கவே இல்லை. அம்மை ஒரு தடவை கூட அதைக் கேக்கல. திரும்ப நான் உக்காந்தது வேற யாரும் சொல்லி இல்லை. தேடிப் பாத்ததுல எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைச்சிடுச்சுன்னும் இல்லை. அந்தப் பேர்களை வாசிக்காம தூங்கறது எனக்குச் சரிப்படல, அம்புட்டுதான்.

அதனால என் கருத்து இதுதான். பிள்ளைக்கு நம்பிக்கையைக் குடுக்கறது தப்பில்லை. மூடின கையால குடுக்கறதுதான் தப்பு. பயத்தையும் பகையையும் சாதியையும் சேத்துக் கட்டிக் குடுக்கறது அதை விடத் தப்பு. அதையெல்லாம் களைஞ்சுட்டுக் குடுக்க முடிஞ்சா, குடுங்க. அது கடவுளோ, பகுத்தறிவோ, உங்களுக்கு எது உயிரோ அது.

எங்க வீட்டுப் பிள்ளை நான் ஜெபிக்கறதைப் பாக்கும். அதோட அம்மா ஜெபிக்காம நல்லவளா இருக்கறதையும் பாக்கும். திருச்சித் தாத்தாவோட கேள்விகளும் கிடைக்கும், நாகர்கோவில் பாட்டியோட பேப்பர் பக்கமும் கிடைக்கும். முடிவு அதுக்க பாடு. மயிலாடியில ஆரம்பிச்சு இருநூறு வருஷத்துக்கு மேல கை மாறி வந்த ஒண்ணு என்னோட நின்னுடுமோன்னு சில ராத்திரி வெசனம் வரத்தான் செய்யுது, இல்லைன்னு சொல்லல. ஆனா அம்மை என்னைத் தேட விட்டப்போ அவளுக்கும் அந்த வெசனம் இருந்திருக்கும். காட்டிக்கல. அதையும் சேத்துத்தான் இந்த நன்றி.

உங்க வீட்டுல உங்களுக்கு என்ன குடுத்தாங்க, எதைக் குடுக்காம விட்டாங்க? நேரம் கிடைச்சா எழுதுங்க மக்கா, வாசிக்க ஆசையா இருக்கு.

பி.கு: ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு பெங்களூர் வீட்டு அடுப்பு பக்கத்துலயும் இருக்கு. அரிசி போடறது பெரும்பாலும் என் வீட்டம்மாதான். எங்க போகுதுன்னு கேட்டா, மாடியில செக்யூரிட்டி அண்ணன் குடும்பத்துக்கு. அம்மைகிட்ட சொன்னேன். "அதுவும் கோயில்தான்" னா.